பாவித்த ஊசிகளையும் மிஞ்சிய குளிசைகளையும் வீட்டிலிருந்து அகற்றும் முறை

நீரிழிவுக்கு இன்சுலின் ஏற்றும் ஒருவர் இருக்கும் வீட்டில் பாவித்த ஊசிகளும், வைத்தியர் மாற்றியதால் மிஞ்சிப்போன குளிசைகளும் அலுமாரியில் சேர்ந்துகொண்டே இருக்கும். எனது தாயாருக்காக எங்கள் வீட்டில் நாங்கள் கடைப்பிடிக்கும் ஒழுங்கையே இங்கு எழுதுகிறேன்.

வளவில் புதைப்பதும் எரிப்பதும் எங்கள் பகுதியில் வழக்கம் என்றாலும் இரண்டையும் கைவிடுங்கள். கல்லடி, காத்தான்குடி, கல்முனை போன்ற கிழக்கிலங்கைக் கரையோர ஊர்களின் மணல் நிலத்தில் நிலத்தடி நீர் ஆழமில்லாமலே கிடக்கிறது. மாரி மழையில் அது இன்னும் மேலே வருவதால், புதைத்த மருந்து கரைந்து கிணற்றைச் சேர அதிக தூரம் போகவேண்டியதில்லை. குளிசை அட்டைகளை எரித்தால் அவற்றின் பிளாஸ்டிக்கிலிருந்து நச்சுப் புகை எழும்.

முதலில், திகதி முடிந்தவற்றையும் வைத்தியர் நிறுத்தியவற்றையும் வேறாக்குங்கள். தண்ணீர் கலந்து கரைத்த நுண்ணுயிர்க்கொல்லிப் பாணி மருந்து, போத்தலில் எந்தத் திகதி அச்சிடப்பட்டிருந்தாலும், பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு வாரங்களுக்கே உதவும்.

அடுத்தது ஊசி. பலரும் தடுமாறுவது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். தண்ணீர்ப் போத்தலின் மெல்லிய சுவரை ஊசி எளிதில் துளைத்துவிடும், கண்ணாடிப் போத்தலோ விழுந்தால் உடையும். ஆகவே சலவைத் திரவம் வந்த, திருகு மூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் கலனையே நான் விரும்புகிறேன். அதன் மேல் 'பாவித்த ஊசிகள்' என்று பெரிதாக எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில், ஆனால் ஊசி ஏற்றுபவரின் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள், ஏனெனில் கலன் தூரத்தில் இருந்தால் ஊசி மேசையில் கிடந்துவிடும். ஊசி பொருத்தப்பட்ட சிரிஞ்சை மூடியைத் திரும்ப மாட்டாமல், வளைக்காமல், முறிக்காமல் அப்படியே உள்ளே போடவேண்டும்; மூடியை மாட்டும்போது விரலில் எளிதில் குத்திவிடும். முக்கால் பங்கு நிறைந்ததும் மூடியை இறுக்கி, நாடா ஒட்டி, கிளினிக்குக்குப் போகும்போது அதை எங்கே ஒப்படைக்கலாம் என்று தாதியிடம் கேளுங்கள். உங்கள் பகுதியின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் கேட்கலாம். பிளாஸ்டிக் சேகரிப்புப் பையில் மட்டும் அதைப் போடவேண்டாம், ஏனெனில் அங்கே அதைத் தரம் பிரிப்பது ஒருவரின் வெறுங்கை.

குளிசைகளைத் திருப்பி வாங்கும் மருந்தகம் கிடைத்தால் அங்கேயே கொடுத்துவிடுங்கள். கிடைக்காவிட்டால் அட்டையிலிருந்து பிரித்து, பொடியாக்காமல், ஈரமான தேயிலைச் சக்கையுடன் கலந்து, இறுகக் கட்டிய பையில் இட்டு, பொதுக் குப்பையில் சேருங்கள். தெருவில் திரியும் ஆடுமாடுகள் குப்பைப் பையைக் கிழிக்கும் என்பதால், குப்பை வண்டி வரும் காலையிலேயே அதை வெளியே வைப்பது நல்லது. உறையில் உள்ள பெயரையும் கிளினிக் இலக்கத்தையும் மையால் அழித்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: இதை வாசித்த சிலர் கேட்டதற்கிணங்க இரண்டு விடயங்களைச் சேர்க்கிறேன். மூச்சிழுப்புக்கான, வாயு அடைத்த இன்ஹேலர், காலியானாலும், நெருப்பில் வெடிக்கக்கூடியது. அதைத் துளைக்கவும் வேண்டாம். புற்றுநோய்க்கான குளிசைகளை மேற்சொன்னவாறு பிரித்துக் கலக்காமல், வெறுங்கையால் தொடாமல், உறையோடு அவற்றை வழங்கிய வைத்தியசாலையிலேயே ஒப்படைக்கவும்.