எலக்ட்ரானிக்ஸ் நேர்காணலில் சூத்திரத்தோடு நின்றுவிடும் தவறு

10 வோல்ட் மின்னழுத்தத்துக்குக் குறுக்கே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டைத் தொடராக இணைத்தால் நடுப்புள்ளியில் எவ்வளவு இருக்கும் என்று கேட்டால், 5 வோல்ட் என்ற விடை உடனே வந்துவிடும். அந்தப் புள்ளிக்கும் கிரவுண்டுக்கும் இடையே இன்னொரு 10 கிலோ ஓமைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று அடுத்துக் கேட்கும்போதும் அதே 5 வோல்ட்டைச் சொல்பவர்களை, கேள்வி கேட்கும் பக்கத்தில் அமர்ந்து நிறையப் பார்த்திருக்கிறேன். கீழே உள்ள இரண்டும் பக்க இணைப்பில் சேர்ந்து 5 கிலோ ஓம் ஆகிவிடுவதால், சரியான விடை 3.33 வோல்ட். அவர்கள் பாடம் படிக்காதவர்கள் அல்லர்; நடுப்புள்ளியிலிருந்து மின்னோட்டம் எடுக்காதவரைதான், மின்னழுத்தம் ரெசிஸ்டர்களின் விகிதத்தில் பிரியும் என்ற அந்தச் சூத்திரம் செல்லும் என்ற நிபந்தனையைச் சேர்த்துப் படிக்காதவர்கள்.

இதே தவறு ஆப்-ஆம்ப் (இரண்டு உள்ளீடுகளின் வித்தியாசத்தைப் பெருக்கும் ஐசி) கேள்வியில் இன்னும் பெரிதாக வெளிப்படும். இரண்டு உள்ளீடுகளும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும் என்று மனப்பாடமாகச் சொல்பவர், நெகட்டிவ் ஃபீட்பேக் (வெளியீடு இன்வெர்ட்டிங் உள்ளீட்டுக்குத் திரும்பி வருவது) இருந்து, வெளியீடு சப்ளையின் எல்லையை முட்டாமலும் இருந்தால்தான் அது உண்மை என்பதை விட்டுவிடுகிறார். 10 கிலோ ஓம் உள்ளீட்டு ரெசிஸ்டரும் 100 கிலோ ஓம் ஃபீட்பேக் ரெசிஸ்டரும் கொண்ட இன்வெர்ட்டிங் (குறியை மாற்றிப் பெருக்கும்) சுற்றுக்கு 2 வோல்ட் கொடுத்தால், ரெசிஸ்டர்களின் விகிதமே பெருக்கம் என்ற சூத்திரப்படி மைனஸ் 20 வோல்ட் வர வேண்டும். சப்ளையோ பிளஸ், மைனஸ் 12 வோல்ட்தான். வெளியீடு மைனஸ் 11 வோல்ட்டில் நின்றுவிட்டது என்று வைத்துக்கொண்டால், மற்ற உள்ளீடு கிரவுண்டில் இருப்பதால் பூஜ்யமாக இருக்க வேண்டிய இன்வெர்ட்டிங் உள்ளீடு ஏறத்தாழ 0.8 வோல்ட்டுக்கு ஏறியிருக்கும். சப்ளை எவ்வளவு என்று முதலில் கேட்பவர் பாதிக் கேள்விக்கு விடை சொல்லிவிட்டார் என்றே நான் கொள்வேன்.

கெப்பாசிட்டர் டிசியை (ஒரே திசை மின்னோட்டத்தை) தடுக்கும் என்று ஒரே வரியில் முடிப்பதும் அப்படித்தான். 5 வோல்ட், 1 கிலோ ஓம், 100 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் மூன்றும் தொடராக என்றால், சுவிட்சைப் போட்ட கணத்தில் 5 மில்லி ஆம்பியர் ஓடும். அது ஏறத்தாழ அடங்குவதற்கு அரை விநாடி ஆகும்.

பெயர் தெரியவில்லை என்று பேசாமல் இருப்பதைத்தான் மிகவும் வருந்தத்தக்க தவறாகக் கருதுகிறேன். ரிலே (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) காயிலுக்குக் குறுக்கே டயோடு எதற்கு என்று கேட்டபோது, "பாதுகாப்புக்காக" என்று பலர் நிறுத்திக்கொண்டார்கள்; எதைப் பாதுகாக்க என்ற அடுத்த கேள்விக்கு விடை இல்லை. அந்த டயோடின் பெயரே தெரியாத ஒரு இளைஞர் தாளை இழுத்துச் சுற்றை வரைந்து, காயிலை இயக்கும் டிரான்சிஸ்டர் அணைந்த பிறகும் காயிலில் ஓடும் மின்னோட்டம் சட்டென்று நிற்காது, அது போக வழியில்லாவிட்டால் அதன் காயில் பக்க முனையான கலெக்டரில் மின்னழுத்தம் எகிறி டிரான்சிஸ்டரே போய்விடும் என்று சொல்லிக்கொண்டே, டயோடின் வழியாக அது சுற்றி வரும் பாதையைப் பேனாவால் காட்டினார். பெயரை நாங்கள் சொல்லிக்கொடுத்தோம்.