எழுத்துமுறைக் குறியீடுகள்: எழுத்துப்பெயர்ப்பு மென்பொருளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழ் படித்தவர்கள் நிறையப் பேர். அவர்களுடைய பஜனைப் பாடல் நோட்டில் மொழி தெலுங்காக இருக்கும், எழுத்து தமிழாக இருக்கும். இதைத் தரவுத்தளத்தில் ‘தெலுங்கு’ என்று ஒரே புலத்தில் (தகவல் கட்டத்தில்) பதிவதுதான் முதல் தவறு. ஓர் எழுத்துமுறையில் உள்ளதை வேறு எழுத்துமுறையில் மாற்றித் தரும் எழுத்துப்பெயர்ப்பு மென்பொருள் தெலுங்கு எழுத்தைத் தேடும், ஒன்றும் கிடைக்காது, வரி அப்படியே வெளியே வரும். மொழி, எழுத்துமுறை, பெயர்ப்பு முறை மூன்றுக்கும் தனித்தனிப் புலம் வையுங்கள்.

எழுத்துமுறைக்கான தரம் ஐஎஸ்ஓ 15924. நான்கு ரோமன் எழுத்து, கூடவே மூன்று இலக்க எண்: தமிழ் டி.ஏ.எம்.எல் (346), தெலுங்கு டி.இ.எல்.யு (340), கன்னடம் கே.என்.டி.ஏ (345), மலையாளம் எம்.எல்.ஒய்.எம் (347). ஆங்கிலப் பெயரின் முதல் நான்கு எழுத்தை நிரலே வெட்டி எடுக்கும்படி எழுதாதீர்கள். தெலுங்குக்கும் தேவநாகரிக்கும் அது தற்செயலாகச் சரியாக வரும். அதனால் சோதனையில் தப்பி, தமிழிலும் கன்னடத்திலும் மாட்டும். ஐஎஸ்ஓ 15919 வேறு. அது இந்திய எழுத்துகளை ரோமனில் எழுதும் முறை. அதன் இடம் மூன்றாவது புலம்.

வண்டிப் பலகையில் தினமும் பார்க்கும் டி.என்., கே.ஏ. இரண்டையும் மொழிக் குறியீடாகப் போடும் பழக்கம் எல்லைப் பகுதியில் எளிதாக வந்துவிடும். மொழிப் பட்டியலில் டி.என். என்பது தென்னாப்பிரிக்காவிலும் போட்ஸ்வானாவிலும் பேசும் செட்ஸ்வானா, கே.ஏ. என்பது ஜார்ஜிய மொழி. நாட்டுக் குறியீடாகப் போட்டாலோ டி.என். துனிசியா! தமிழுக்கு டி.ஏ, கன்னடத்துக்கு கே.என்.

மிகவும் கெடுதல் செய்வது ‘எண்ணைக் கூட்டி மாற்றும்’ குறுக்குவழி. ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில் தமிழுக்கான எண் தொகுதி 2944இல் தொடங்குகிறது, கன்னடம் 3200இல். 256 கூட்டினால் ககரம் (2965) கன்னடக் ககரமாக (3221) மாறும், ளகரமும் சரியாக வரும். ழகரமோ (2996) 3252இல் போய் விழும். அங்கே எழுத்தே இல்லை, வெறும் கட்டம்தான் தெரியும். கன்னடத்தின் பழைய ழகரம் 3294இல் இருக்கிறது. ஆனால் இன்றைய கன்னட வாசகருக்கு அது பழக்கமில்லை, பெயர்ப்பலகைக்கு ளகரமே நல்லது. எதிர்த்திசையிலும் இதே சிக்கல்: தெலுங்கின் மூச்சொலிக் ககரம் 3094, அதில் 128 கழித்தால் 2966, தமிழில் அது காலியிடம். எழுத்துக்கு எழுத்து அட்டவணை போடுவதைத் தவிர வழியில்லை.

எழுத்துமுறையைத் தொகுதி எல்லையை வைத்துக் கண்டறிவதும் தவறு. வரி முடிவில் இடும் நேர்கோடான தண்டக்குறி (2404) தேவநாகரித் தொகுதியில் இருந்தாலும் பல எழுத்துகளுக்குப் பொது. ஒவ்வொரு குறியும் எந்த எழுத்துமுறையைச் சேர்ந்தது என்று சொல்லும் யூனிகோடின் ‘ஸ்கிரிப்ட்’ பண்பைப் பாருங்கள். ரோமன் எழுத்துகளின் எண்களிலேயே தமிழ் வடிவத்தைக் காட்டும் வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பு ரோமன் என்றே கணக்கில் வரும். முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுப் பிறகு குறியீடு இடுங்கள்.

ஓப்பன்டைப் என்ற கோப்பு வடிவில் வரும் எழுத்துருக்குள் தமிழுக்கு இருக்கும் டி.எம்.எல்.2 என்ற குறி எழுத்துருவின் உள்வேலைக்கானது, தரவில் அதைப் போடக்கூடாது.

பழைய குறியீடுகள் ஏற்கெனவே இருந்தால் ஒரே நாளில் அழிக்க வேண்டாம். உள்ளே வாங்கும்போது பழையதையும் ஏற்று, எழுதும்போது புதியதை மட்டும் எழுதுங்கள். எந்த எழுத்துமுறை என்று தெரியாதபோது தமிழ் என்று ஊகித்துப் போடாமல் இசட்.ஒய்.ஒய்.ஒய் இடுங்கள். தரத்தில் அதற்கென்றே உள்ள குறியீடு அது, எண் 998.