அளக்காமல் தொடங்கும் சண்டை: வீட்டு எல்லைத் தகராறில் நம்மவர்கள் செய்யும் தவறுகள்

பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் இரண்டு வீடுகளுக்கு நடுவே மூன்றடிச் சந்து ஒன்று இருக்கிறது. ஒரு வீட்டின் ஓட்டுத் தண்ணீர் அதில் விழும். அடுத்த வீட்டின் சமையலறைத் தண்ணீர் அதில் ஓடும். இரண்டு தலைமுறையாக அது யாருடையது என்று யாரும் கேட்டதில்லை. ஒருவர் ஓட்டை இறக்கிவிட்டுத் தளம் போடக் கடைக்கால் (அஸ்திவாரம்) தோண்டினார். அன்றைக்குத்தான் கேள்வி வந்தது. மறுவாரம் வழக்கு. சாட்சி விசாரணை வரை போன பிறகு அந்த வழக்குக் கட்டு வக்கீலான என்னிடம் வந்தது.

என் கட்சிக்காரரின் மூலப் பத்திரம் 1956-ல் எழுதியது, தெலுங்கில். இந்தப் பகுதியில் அது சாதாரணம். 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு நாமும் அங்கே போனோம். ம.பொ.சி. தலைமையில் நடந்த எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1-ல்தான் திருத்தணி, பள்ளிப்பட்டு பகுதிகள் திரும்பி வந்தன. ஊர் மாறியது, பத்திரம் மாறவில்லை. அந்தத் தெலுங்குப் பத்திரத்தை உறவினர் ஒருவர் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தார். அவருக்குத் தெலுங்கு நன்றாகத் தெரியும், ஆனால் பத்திர வழக்கம் தெரியாது.

தமிழ்ப் பத்திரத்தில் செக்குபந்தி, அதாவது நான்கெல்லை விவரம், எழுதும்போது "முனுசாமி வீட்டுக்குக் கிழக்கு" என்போம். அதாவது நம் மனை அவர் வீட்டுக்குக் கிழக்கே இருக்கிறது. தெலுங்குப் பத்திரத்தில் "தூர்ப்பு" (கிழக்கு) என்று போட்டு அதன் எதிரே ஒரு வீட்டுக்காரர் பேர் எழுதுவார்கள். அதற்கு அர்த்தம், நம் மனைக்குக் கிழக்கே அவர் வீடு. இதை அப்படியே "அவர் வீட்டுக்குக் கிழக்கு" என்று மாற்றி எழுதினால் மனை அந்த வீட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடும். நான்கு திசையும் அப்படித் தலைகீழாகி, அதுவே பிராதின், அதாவது வழக்கு மனுவின், சொத்து விவரத்திலும் ஏறியிருந்தது. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உங்க வீடு பிரதிவாதி வீட்டுக்குக் கிழக்கா, மேற்கா?" என் கட்சிக்காரர் உள்ளபடியே "மேற்கு" என்றார். பிராது கிழக்கு என்றது. உண்மையைச் சொன்ன மனிதர் கூண்டில் பொய்யர் மாதிரி நின்றார்.

விசாரணை தொடங்கிய பின் பிராதைத் திருத்துவது லேசான வேலை இல்லை. உரிய கவனம் எடுத்தும் முன்பே தெரிந்துகொள்ள முடியவில்லை என்று கோர்ட்டுக்குக் காட்ட வேண்டும். எங்களுக்குத் திருத்தம் கிடைத்தது, ஆனால் கிட்டத்தட்ட ஒரு வருஷம் போனது. அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன். பழைய தெலுங்குப் பத்திரம் இருந்தால், பத்திரம் படித்துப் பழகிய ஒருவரிடம் கொடுத்து மொழிபெயர்த்து வாங்குங்கள். அப்புறம் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டு வாசலில் நின்று நான்கு பக்கமும் திரும்பிப் பாருங்கள்.

அளவிலும் இதே சிக்கல் உண்டு. பழைய பத்திரங்களில் சில "இத்தனை அங்கணம்" என்று சொல்லும். அங்கணம் ஊருக்கு ஊர் மாறும். திருப்பதிப் பக்கம் 36 சதுர அடி, நெல்லூர்ப் பக்கம் 72 சதுர அடி. எந்தக் கணக்கு என்று பார்க்காமல் பெருக்கினால் பக்கத்து வீட்டில் பாதி நம் கணக்கில் வந்துவிடும். பத்திரத்தில் உள்ள அளவும் நான்கெல்லையும் ஒன்றோடொன்று முரண்பட்டால், பொதுவாக எல்லைக்குத்தான் கோர்ட் முதலிடம் தரும்.

"என் பேரில் பட்டா இருக்கிறது, போதும்" என்று நிற்பது அடுத்த தவறு. பட்டா வருவாய்த் துறை ஆவணம். அனுபவத்துக்கும் வரிக்கும் அது நல்ல சாட்சி. ஆனால் உரிமையைத் தருவது பத்திரமும் வாரிசுரிமையும்தான். பட்டாவோடு புலப்படம் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்), வில்லங்கச் சான்று, மூலப் பத்திரங்கள் எல்லாம் சேர்ந்தால்தான் படம் முழுசாகும். கிராம நத்தத்தில் (ஊர்க் குடியிருப்பு நிலத்தில்) வீடு இருந்தால் நத்தம் சர்வே வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். வில்லங்கம் பார்க்கும்போது ஆன்லைனில் வரும் வருஷங்களோடு நின்றுவிடாதீர்கள். 1960-க்கு முந்தைய பதிவுக்குப் பதிவு அலுவலகத்தில் பழைய புத்தகத்தையே தேடச் சொல்ல வேண்டும்.

அளப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேஸ்திரியின் டேப்பை வாங்கி, மச்சானை ஒரு முனையில் நிறுத்தி அளந்துவிட்டு, "ரெண்டடி உள்ள வந்துட்டான்" என்று கல்லைப் பிடுங்குகிறார்கள். அந்த அளவுக்குக் கோர்ட்டில் மதிப்பு கிடையாது. கல்லைப் பிடுங்கியது மட்டும் உங்கள் மேல் கேஸாக நிற்கும். தாலுகா சர்வேயருக்குக் கட்டணம் கட்டி, பக்கத்து வீட்டாருக்கும் நோட்டீஸ் போய், அவர் முன்னிலையில் அத்து (எல்லை) காட்டச் சொல்லுங்கள். தகராறுகளில் கணிசமானவை அன்றைக்கே அடங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பிறகு வழக்கே வந்தாலும், கோர்ட் நியமிக்கும் ஆணையரை அனுப்பி சர்வேயர் உதவியோடு இடத்தை அளந்து அறிக்கை தரச் சொல்லி மனு போடுங்கள். எல்லை வழக்கில் இந்த மனு போடாமல் வாய்ச் சாட்சியை மட்டும் நம்புவதை இன்னமும் பார்க்கிறேன். எனக்கு அது புரியவே இல்லை.

"இருக்கட்டும் அண்ணா, ரெண்டடிதானே" என்று விட்டுக்கொடுப்பவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. விட்டுக்கொடுப்பது நல்ல குணம். ஆனால் அதை எழுதி வையுங்கள். உங்கள் இடத்தை ஒருவர் தன்னுடையது என்று வெளிப்படையாக, உங்களுக்கு எதிராக, தொடர்ந்து 12 வருஷம் அனுபவித்தால் அதை மீட்கும் உரிமை உங்களுக்குப் போய்விடும். வழிப்பாதையோ தண்ணீர்ப் போக்கோ 20 வருஷம் தடையில்லாமல், உரிமையாக நடந்தால் அது வசதியுரிமை (அடுத்தவர் இடத்தைப் பயன்படுத்தும் சட்ட உரிமை) ஆகிவிடும். உங்கள் அனுமதியால்தான் நடக்கிறது என்று இரண்டு வரிக் கடிதத்தில் அவர் கையெழுத்துப் போட்டிருந்தால் இந்த இரண்டு காலக் கணக்கும் ஓடாது. அனுமதி கொடுத்தாலும் நிரந்தரக் கட்டடம் எழுப்ப விடாதீர்கள். உங்கள் அனுமதியை நம்பி அவர் செலவு செய்து நிலையாகக் கட்டிவிட்டால், வசதியுரிமைச் சட்டத்தின் 60-வது பிரிவின்படி அந்த அனுமதியைத் திரும்பப் பெற முடியாமல் போகலாம்.

கட்டடம் எழும்போது சும்மா பார்த்துக்கொண்டிருப்பதும் இதே வகைதான். கடைக்கால் தோண்டும் அன்றே படம் எடுங்கள், நோட்டீஸ் அனுப்புங்கள், தடை உத்தரவு கேளுங்கள். கான்கிரீட் போட்டு முடிந்த பிறகு இடிக்கச் சொல்லிப் போனால், "இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள்?" என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். அந்த நிலையில் கோர்ட் நஷ்டஈட்டோடு நிறுத்திவிடலாம். உங்களை இடத்தைவிட்டு வெளியேற்றியே விட்டார்கள் என்றால் ஆறு மாதத்துக்குள் குறிப்பிட்ட பரிகாரச் சட்டத்தின் 6-வது பிரிவில் வழக்குப் போடலாம். அதில் உரிமையை நிரூபிக்கத் தேவையில்லை, அனுபவத்தில் இருந்தீர்கள் என்பது போதும். ஆறு மாதம் கடந்தால் அந்தச் சுலபமான கதவு மூடிவிடும். மறுபக்கம், நீங்கள் கட்டப்போகிறீர்கள், பக்கத்து வீட்டார் தடை வாங்கக்கூடும் என்று தெரிந்தால் கேவியட் (என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்ற முன்மனு) போட்டு வையுங்கள். 90 நாள் செல்லும், உங்களைக் கேட்காமல் உத்தரவு வராது.

போலீஸ் ஸ்டேஷன் விஷயம். அடிதடி, மிரட்டல் என்றால் கண்டிப்பாகப் போங்கள், சி.எஸ்.ஆர். ரசீது (புகார் பெற்றதற்கான ரசீது) வாங்குங்கள். சுவர் யாருடையது என்று தீர்ப்புச் சொல்ல ஸ்டேஷனுக்கு அதிகாரம் இல்லை. அங்கே "சமாதானம்" என்று எழுதி நீட்டும் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். "இனி அந்தச் சந்தில் போக மாட்டேன்" என்று ஒரு அம்மா போட்ட கையெழுத்து பின்னால் கோர்ட்டில் அவருக்கே எதிராக வந்தது.

அக்கம்பக்கத் தகராறு எல்லையோடு நிற்பதில்லை, சத்தத்துக்காகவும் வரும். பொதட்டூர்பேட்டைப் பக்கத்தில் விசைத்தறிச் சத்தத்துக்காகக் கோட்டாட்சியரிடம் மனு கொடுப்பார்கள். தெருவுக்கே தொல்லை என்றால் அது சரியான வழி. ஒரு வீட்டுக்கு மட்டும் என்றால் சிவில் கோர்ட்தான். ஒலி விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு. அளந்த ஆதாரம் இல்லாமல் "தூங்க முடியலைங்க" என்று மட்டும் சொன்னால் மனு நகராது.

வழக்குப் போடும்போது செலவைக் குறைக்க வெறும் உறுத்துக்கட்டளை (தடை உத்தரவு) மட்டும் கேட்பது இன்னொரு பெரிய தவறு. எதிராளி உங்கள் உரிமையையே உண்மையாக மறுக்கிறார் என்றால், உரிமையை அறிவிக்கும் பரிகாரத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று 2008-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதைக் கேட்காததால் பத்து வருஷம் நடந்த வழக்கு தள்ளுபடியாவதைப் பார்க்க வயிறு எரியும்.

ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் 20 ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி இடத்தை மாற்றிக்கொள்வதும் ஆபத்து. நூறு ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள இடத்தைப் பரிவர்த்தனை செய்தால் பதிவு செய்ய வேண்டும், பதியாத தாள் உரிமையைத் தராது. பேசி முடிக்க மனசிருந்தால் லோக் அதாலத்துக்கு (மக்கள் நீதிமன்றத்துக்கு) போங்கள். வழக்குப் போடும் முன்பேகூடப் போகலாம். அங்கே முடிந்தால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது, நிலுவை வழக்கு என்றால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்ப வரும். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் கிடைக்கும். சட்டப் பணிகள் ஆணையத்தின் எண் 15100.

அந்தச் சந்து வழக்கும் அங்கேதான் முடிந்தது. ஆணையர் அளந்தபோது சந்து இரண்டு பத்திரத்திலுமே பொதுவாக வந்தது. யாரும் அதில் கட்டக் கூடாது, தளத்துத் தண்ணீரைப் பைப் வைத்துத் தெருக் கால்வாயில் விட வேண்டும், பைப் செலவு ஆளுக்குப் பாதி. கையெழுத்துப் போட்டுவிட்டு இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் ஊருக்குப் போனார்கள்.