பழைய மெக்கானோ பெட்டி கிடைத்தால் அவசரப்படாதீர்கள்

துளையிட்ட உலோகப் பட்டைகளையும் சக்கரங்களையும் போல்ட் போட்டு இணைத்து மாதிரிகள் கட்டும் பொம்மைதான் மெக்கானோ. அதில் பழைய பெட்டி ஒன்று கைக்கு வந்ததும் பெரும்பாலானோர் அதைப் பளபளவென்று ஆக்கத்தான் பார்க்கிறார்கள். முதல் தவறே அதுதான்.

லிவர்பூல்காரர் பிராங்க் ஹார்ன்பி 1901-இல் காப்புரிமை பெற்ற பொம்மை இது. மெக்கானோ என்ற பெயர் 1907-இல் வந்தது. லிவர்பூல் பின்ஸ் சாலைத் தொழிற்சாலையை 1979-இல் மூடிவிட்டார்கள். ஒரு பட்டையின் வயதை அதன் நிறமே சொல்லிவிடும். 1926-க்கு முந்தையவற்றில் பெரும்பாலும் நிக்கல் பூச்சுதான். அந்த ஆண்டு சிவப்பும் பச்சையும் வந்தன, 1934-இல் நீலமும் பொன்னிறமும். அதன்மேல் ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் அந்தச் சாட்சியத்தை நாமே அழித்துவிடுகிறோம். சேகரிப்பவர்கள் கீறலோடு இருக்கும் அசல் வண்ணத்துக்குக் கொடுக்கும் விலையைப் புது வண்ணத்துக்குக் கொடுப்பதில்லை.

சரி, அழுக்கை என்ன செய்வது? இளஞ்சூட்டு நீர், கொஞ்சம் சோப்பு, மென்மையான பிரஷ் போதும். ஊறவைக்காமல் கழுவி, உடனே துடைத்து, ஹேர் டிரையர் காற்றில் உலர்த்துங்கள். இரண்டு பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று ஈரத்தோடு கிடந்தால் ஒரே இரவில் துளை ஓரங்களில் துரு பூத்துவிடும். துருவைச் சுரண்ட உப்புத்தாளை எடுக்காதீர்கள். பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூசி குழந்தைகளுக்கு ஆகாது. நிக்கல் பட்டைகளை வினிகரில் போட்டு வைப்பதும் வேண்டாம், பூச்சே உரிந்து வரும்.

நான் அதிகம் வருந்துவது போல்ட் விஷயத்தில்தான். இரண்டு மூன்று போல்ட் குறைகிறது என்று பக்கத்து ஹார்டுவேர் கடைக்குப் போவோம், 4 மில்லிமீட்டர் போல்ட் தருவார்கள். பார்க்க அதேபோல இருக்கும். ஆனால் மெக்கானோவின் மரை விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு: விட்டம் 5/32 அங்குலம், அங்குலத்துக்கு 32 மரை. விட்டம் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர்தான், மரையின் இடைவெளிதான் வேறு. முதல் இரண்டு சுற்று வழுக்கிக்கொண்டு போகும், பிறகு இறுகும். ‘துருவாக இருக்கும்’ என்று திருப்புளியை அழுத்தித் திருப்பினால், சக்கரத்தின் நடுவில் உள்ள பித்தளைக் குமிழின் மரை மழுங்கிவிடும். அப்புறம் போல்ட் இறுகாமல் அந்தச் சக்கரம் அச்சைப் பிடிக்கவே பிடிக்காது. இப்படி ஒரு பல்சக்கரத்தை நானே கெடுத்திருக்கிறேன். 1934-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டக்ளஸ் ஹார்ட்ரீயும் அவருடைய மாணவர் ஆர்தர் போர்ட்டரும் வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் இயந்திரத்தின் மாதிரி ஒன்றைக் கட்டியது பெரும்பாலும் மெக்கானோ பாகங்களால்தான். அவ்வளவு துல்லியம் அந்தப் பித்தளையில் இருக்கிறது.

வாங்கும்போது செட்டின் எண் என்ன என்று கவனியுங்கள். 4 என்பது முழு செட். 4A என்பது அதை 5 ஆக்கும் துணைப் பெட்டி, தனியாக வாங்கினால் ஏமாற்றம்தான். மூடியில் 5 என்று போட்டிருப்பதால் உள்ளே 5-ஆம் செட் இருக்கும் என்றும் நம்பிவிடாதீர்கள். அந்தக் காலத்துப் பாகப் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள்.

வளைந்த பட்டையைச் சுத்தியலால் தட்டவேண்டாம், துளைகள் கோணிவிடும். இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே வைத்து மெதுவாக அழுத்தினால் போதும்.

மோட்டார்களில் இன்னும் கவனம் வேண்டும். 1920-களில் வீட்டு மின்சாரத்திலேயே ஓடும் மோட்டார்களும் விற்றன. அவற்றைப் பிளக்கில் செருகிப் பார்க்கவே பார்க்காதீர்கள், வயரின் உறை தொட்டாலே உதிரும் நிலையில் இருக்கும். சாவி கொடுக்கும் மோட்டாரைப் பிரிப்பதென்றால், சுருள்வில்லின் முறுக்கை முழுவதும் இறக்கிவிட்டே திருகில் கை வையுங்கள். முறுக்கோடு திறந்தால் அந்த எஃகு வில் பாய்ந்து விரலைக் கிழித்துவிடும்.

எடுத்து வைக்கும்போது பட்டைகளை ரப்பர் பேண்டால் கட்டாதீர்கள். சென்னை வெயிலில் ஒரு கோடை போனால் ரப்பர் உருகி வண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி நூலால் கட்டுங்கள்.