ஆர்க்கிட் குட்டியை அவசரப்பட்டு வெட்டாதீங்க: வீட்ல பண்ற தப்புகள்

டென்ட்ரோபியம்ங்கிற ஆர்க்கிட் வகையை வளக்கிற எல்லார் வீட்லயும் இது நடந்திருக்கும். இலையெல்லாம் கொட்டி மொட்டையா நிக்கிற பழைய தண்டுல, மேல் கணுவுல இருந்து சின்னதா ஒரு பச்சை முளை எட்டிப் பாக்கும். பூ மொட்டுதான்னு நம்பி தினமும் காலைல காபியோட போய்ப் பாத்துட்டு இருப்போம், கொஞ்ச நாள்ல ரெண்டு இலை விரிஞ்சதும்தான் தெரியும் அது மொட்டு இல்ல குட்டின்னு. கெய்கின்னு சொல்றது இதைத்தான். தாய்ச்செடி எந்தக் கலர்ல பூத்துச்சோ அதே பூதான் இதுலயும் வரும், அச்சு அசல் காப்பி, அதனால ஆசை வர்றது நியாயம்தான். அந்த ஆசைல அன்னிக்கே கத்தியைத் தூக்கிட்டு வர்றாங்க பாருங்க, அதுலதான் பாதிக் குட்டி போயிடுது.

இலையைப் பாத்து முடிவு பண்ணாதீங்க, வேரைப் பாருங்க. நாலு இலையோட ஜோரா இருக்கும், வேர் அரை இஞ்ச்தான் இருக்கும், அதை வெட்டித் தொட்டில வச்சா அது எங்க இருந்து தண்ணி குடிக்கும்? தாய்த்தண்டுல ஒட்டிட்டு இருக்கிற வரைக்கும் தண்ணியும் சாப்பாடும் அந்தத் தண்டுலேர்ந்து வந்துட்டு இருக்கு, வெட்டுன நிமிஷத்துலேர்ந்து எல்லாமே சொந்த வேர் வழியாத்தான். குறைஞ்சது 3 வேர், ஒவ்வொண்ணும் 2 இல்ல 3 இஞ்ச் நீளம், வேர் நுனி பச்சையாவோ லேசா சிவந்தோ ஈரப்பசையோட இருக்கணும். நுனி பச்சையா இருந்தா வேர் இன்னும் ஓடிட்டு இருக்குன்னு அர்த்தம், அப்ப பிரிச்சாதான் புது தொட்டியைச் சீக்கிரம் புடிச்சுக்கும். நுனி மூடி மொத்தமா வெள்ளையா நின்னு போயிருந்தா அடுத்த வேர் கிளம்புற வரைக்கும் விட்டுடுங்க. நாலஞ்சு மாசம் ஆனாலும் ஆகட்டும், தாய்ச்செடி ஆரோக்கியமா இருந்தா அதுக்கு இதனால ஒண்ணும் பெருசா நஷ்டம் இல்ல.

வேரே வரலையா? குட்டியோட அடிப்பாகத்துல ஸ்பேக்னம் பாசியைக் கொஞ்சமா, லூசா சுத்திக் கட்டி காலைல மட்டும் ஸ்ப்ரே பண்ணுங்க. இன்னொரு நல்ல வழி, சின்ன நெட் பாட்ல (சுத்தி ஓட்டை இருக்கிற பிளாஸ்டிக் தொட்டி) கரித்துண்டு போட்டு அதைத் தாய்த்தண்டோடயே குட்டிக்குக் கீழ கட்டித் தொங்கவிட்டுடறது. வேர் தானா தொட்டிக்குள்ள இறங்கிடும், அப்புறம் வெட்டுனா செடிக்கு எதுவும் தெரியக்கூட தெரியாது. சென்னை மாதிரி வெயில் ஊர்ல இருக்கவங்களுக்கு என்னைக் கேட்டா இதுதான் பெஸ்ட், ஏன் நிறைய பேர் இதைப் பண்றது இல்லன்னு எனக்குப் புரியல.

இதோட சேந்த இன்னொரு தப்பு, இலை கொட்டுன பழைய தண்டைக் காஞ்சு போச்சுன்னு நெனச்சு அடியோட நறுக்கி எறியறது. தண்டு பச்சையா, கெட்டியா இருந்தா அது செத்துப் போகல, செடியோட தண்ணித் தொட்டியே அதுதான். குட்டி வர்றதும் பெரும்பாலும் அந்தத் தண்டுலதான். பழுப்பாகி, சுருங்கி, அமுக்குனா உள்ள காலியா இருந்தா மட்டும் எடுங்க.

அப்புறம், குட்டி வந்தாலே சந்தோஷப்படணும்னு இல்ல. ஏன் வந்துச்சுன்னு ஒரு தடவை பாக்கணும். வேர் அழுகிப்போன டென்ட்ரோபியம், சாகறதுக்கு முன்னாடி தண்டு முழுக்கக் குட்டி விடும். அப்படி நாலஞ்சு ஒண்ணா வந்தா குட்டியை விட்டுட்டு தாய்த்தொட்டியைத் தட்டி வேரைப் பாருங்க, வேர் கருத்து கொழகொழன்னு இருந்தா பிரச்சனை அங்க. டென்ட்ரோபியம் நோபிலே வகைன்னா கதையே வேற. அது இமயமலை பக்கத்துச் செடி, குளிர்காலத்துல தண்ணியைக் குறைச்சு குளிர் காட்டினாதான் பூக்கும், அந்த நேரத்துல நைட்ரஜன் உரமும் தண்ணியும் ஊத்திட்டே இருந்தா பூ வர வேண்டிய கணுவுல எல்லாம் குட்டிதான் வரும். ஊட்டி, கொடைக்கானல்காரங்க சமாளிச்சுடுவாங்க. சமவெளில நோபிலே வாங்கி வச்சுட்டு பூவே வரல குட்டியா வருதுன்னு புலம்புறதுல அர்த்தமே இல்ல.

ஃபெலனாப்சிஸ்ங்கிற இன்னொரு ஆர்க்கிட் வகைலயும் இதே கூத்து உண்டு. அதுக்குப் பூத்தண்டு வரணும்னா சில வாரமாவது குளுகுளுன்னு இருக்கணும். இளசா இருக்கிற பூத்தண்டு 28 டிகிரிக்கு மேல தொடர்ந்து சூட்டுல மாட்டிக்கிட்டா மொட்டுக்குப் பதிலா அந்தக் கணுவுலயே குட்டி வந்துடறது சகஜம். இந்தப் பூத்தண்டு குட்டியைப் பிரிக்கலாம், அதே வேர் கணக்குதான், ரெண்டு பக்கமும் ஒரு இஞ்ச் தண்டை விட்டு வெட்டுங்க. ஆனா செடியோட அடிலேயே பக்கத்துல முளைக்கிற குட்டி இருக்கே, அதைத் தொடாதீங்க. ரெண்டும் ஒரே அடித்தண்டுல ஒட்டிட்டு இருக்கும், நடுவுல கத்தியை விட்டா ரெண்டுலயும் அழுகல் ஏறும். தாய்க்குக் குருத்து அழுகியிருந்தா அந்தக் குட்டிதான் அடுத்த செடி, தாய் தானா வத்திப் போற வரைக்கும் அப்படியே விடுங்க.

யூடியூப்ல ஃபெலனாப்சிஸ் இலையை மட்டும் வெட்டி பூண்டுத் தண்ணில ஊற வச்சா முப்பது செடி வரும்னு காட்டுவாங்க. வராது. அந்த இலைல மொட்டு கிடையாது, லேப்ல டிஷ்யூ கல்ச்சர்ல இளசான இலைத் துணுக்குலேர்ந்து செடி எடுக்கிறது வேற, நம்ம சமையல்கட்டு டம்ளர்ல நடக்கிற வேலை இல்ல அது. இலை ரெண்டு மாசம் பச்சையா இருக்கும், அதுலயே நம்பிக்கை வந்து ஏமாந்துடுவோம். அதே மாதிரி கேட்லியா, ஆன்சிடியம் ஆர்க்கிட்ல தண்டுல குட்டி வரும்னு காத்திருக்காதீங்க, அதையெல்லாம் மூணு நாலு கிழங்குத்தண்டு சேத்து ஒரு பங்கா வச்சுப் பிரிக்கிறதுதான் வழக்கம்.

கெய்கி பேஸ்ட் இப்ப ஆன்லைன்ல ஈசியா கிடைக்குது. உள்ள இருக்கிறது சைட்டோகைனின்ங்கிற ஹார்மோன், தூங்கிட்டு இருக்கிற கணுவை எழுப்பி விடும். ரெண்டு இலையோட ஊசலாடிட்டு இருக்கிற செடிக்கு அஞ்சு கணுவுல அப்பிவிட்டா அஞ்சும் அரைகுறையா நிக்கும், தாயும் போயிடும். திடகாத்திரமான செடில ஒரே ஒரு கணு, மேல இருக்கிற செதில் தோலை மெதுவா உரிச்சுட்டு கடுகளவு தடவுனா போதும். அப்பவும் குட்டிக்குப் பதிலா பூக்கிளை வரலாம், கோச்சுக்கக் கூடாது.

கத்தி விஷயத்துல நம்மாளுங்க ரொம்ப அலட்சியம். வெங்காயம் நறுக்குன கத்தியைத் துணில துடைச்சுட்டு நாலு செடியை வரிசையா வெட்டுவாங்க. சிம்பிடியம் மொசைக் வைரஸ், ஓடொன்டோகிளாஸம் ரிங்ஸ்பாட் வைரஸ் ரெண்டும் பெரும்பாலும் இப்படி வெட்டுற கத்தி வழியாத்தான் செடிக்குச் செடி தாவுது, வந்தா மருந்தே கிடையாது, செடியைத் தூக்கிப் போடறதுதான். சானிடைசர்ல துடைச்சா வைரஸ் போயிடும்னு நம்ப முடியாது. கேஸ் அடுப்புத் தீயில கத்தியைச் சிவக்கக் காட்டி ஆற வச்சு வெட்டுங்க, இல்லன்னா ஒரு செடிக்கு ஒரு புது ஷேவிங் பிளேடு, செலவு சில ரூபாதான். வெட்டுன காயத்துல பட்டைத்தூளைத் தொட்டு வைங்க, சமையலுக்கு வாங்குற அதே பட்டைதான். காயத்துல மட்டும்! வேர் மேல தூவுனா வேர் காஞ்சு சுருண்டுடும், நல்லதுன்னு நெனச்சு கை நிறைய கொட்டி கெடுத்தவங்க நிறைய.

இனி தொட்டி. செம்மண், மாட்டுச்சாணி, மண்புழு உரம்னு ரோஜாவுக்கு வைக்கிற மாதிரி வச்சா ஒரே வாரத்துல அழுகல் ஆரம்பிக்கும். இது மரத்துல தொத்தி வளர்ற செடி, வேரைச் சுத்தி பஞ்சு மாதிரி ஒரு வெள்ளை உறை இருக்கும், அது நனையணும், உடனே காத்துல காயணும். அடுப்புக்கரி, ஓட்டுச்சில்லு, தேங்காய் மட்டைத் துண்டு போதும். மட்டையை ரெண்டு மூணு நாள் ஊறப்போட்டு தண்ணியை மாத்தி மாத்தி ஊத்துங்க, அதுல இருக்கிற உப்பும் கறையும் போகட்டும். கோகோபீட் தூள் வேண்டவே வேண்டாம், ஈரத்தைப் புடிச்சு வச்சுக்கும். தொட்டி 3 இஞ்ச் இல்ல 4 இஞ்ச், பெருசா வளரப்போகுதேன்னு 8 இஞ்ச் தொட்டில வச்சா நடுவுல ஈரம் காயவே காயாது.

காத்துல வளந்த வேர் விறைப்பா இருக்கும், அப்படியே மடக்கித் திணிச்சா பட்டுனு ஒடியும். கொஞ்ச நேரம் தண்ணில ஊற வச்சீங்கன்னா வளைஞ்சு குடுக்கும். இலை ஆரம்பிக்கிற இடம் தொட்டில போட்ட கரி, மட்டைக்கு மேல இருக்கணும், அதைப் புதைச்சா குருத்து அழுகும். அப்புறம் செடி ஆடக்கூடாது, காத்துல ஆடிட்டே இருந்தா புது வேர் நுனி உரசி உரசி தேஞ்சு போகும், ஒரு குச்சி நட்டு பழைய பருத்தித்துணி கிழிசல்ல கட்டி வைங்க. இது சின்ன வேலைன்னு விட்டுடறாங்க, ஆனா நட்டு ரெண்டு மாசமாகியும் புடிக்கல புடிக்கலன்னு சொல்றதுல பாதி இதனாலதான் இருக்கும்னு எனக்குத் தோணுது.

தண்ணி ஊத்த வேரோட கலரைப் பாருங்க, வெள்ளி மாதிரி வெளுத்தா ஊத்தணும், பச்சையா இருந்தா தேவை இல்ல. ஆர்ஓ மிஷின்ல வெளிய போற வேஸ்ட் தண்ணியைச் சிக்கனம் பாத்து ஆர்க்கிட்டுக்கு ஊத்தாதீங்க, உப்பெல்லாம் சேந்து வர்றதே அதுலதான். மழைத்தண்ணி புடிச்சு வச்சா அமிர்தம். ஃபெலனாப்சிஸ் குருத்துல தண்ணி தேங்குனா டிஷ்யூவால ஒத்தி எடுத்துடுங்க. உரம் புது வேர் ஓடுறது தெரிஞ்ச அப்புறம்தான், 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூணும் சம அளவுல இருக்கிற உரம்) லிட்டருக்கு அரை கிராம் போதும். நேர் வெயில்ல காட்டாதீங்க, நிழல்வலைக்குக் கீழ காலை வெளிச்சம் பட்டா போதும்.

சித்திரை வைகாசி அனல்ல பிரிக்காதீங்க, மாடில திறந்த வெளில வச்சிருக்கவங்க ஐப்பசி கார்த்திகை அடைமழைலயும் வேண்டாம். டென்ட்ரோபியம் குட்டி பூக்க ஒண்ணு ரெண்டு வருஷம் ஆகும், ஃபெலனாப்சிஸ்க்கு ரெண்டு மூணு. அதுக்குள்ள எது எந்தக் கலர்னு மறந்து போகும், அதனால நடும்போதே பென்சில்ல பேரும் தேதியும் எழுதி தொட்டில சொருகிடுங்க, மார்க்கர் பேனா மழைல அழிஞ்சிடும். குட்டியை எடுத்த தண்டு இன்னும் பச்சையா இருந்தா அதை வெட்டாம விடுங்க, கீழ இருக்கிற கணுவுல அடுத்தது வந்தாலும் வரும்.