ஒரே சீட்டு, இரண்டு ஆட்டம்: கேஷ் கேமிலிருந்து டோர்னமென்டுக்கு மாறுவது எப்படி?

போக்கரில் டெக்சஸ் ஹோல்டெம் விதிகள் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். அவை இரண்டிலும் ஒன்றுதான். மாறுவது சிப்பின் மதிப்பு.

படி 1: முன்னால் இருப்பது பணமா என்று பாருங்கள்

லாஸ் வேகாஸில் 1/2 டாலர் கேஷ் மேசையில் 200 டாலர் கொடுத்தால் 200 டாலருக்குச் சிப் கிடைக்கும். அலுத்துவிட்டதா, காசாக்கிக்கொண்டு கிளம்பலாம். தோற்றால் மறுபடி வாங்கலாம். வேர்ல்டு சீரிஸ் ஆஃப் போக்கர் என்ற பெரிய டோர்னமென்ட் தொடரின் மெயின் ஈவென்டில் 10,000 டாலர் கட்டினால் 60,000 சிப் தருகிறார்கள். அதைக் கொடுத்து ஒரு டாலர்கூட வாங்க முடியாது. பரிசுப் பட்டியலுக்குள் வந்தால்தான் காசு.

படி 2: பிக் பிளைண்டை எண்ணுங்கள்

பிக் பிளைண்ட் என்பது சீட்டைப் பார்க்குமுன் போட வேண்டிய இரண்டு கட்டாயப் பந்தயங்களில் பெரியது; 1/2 மேசையில் அது 2 டாலர். கேஷ் மேசையில் அந்த 200 டாலர் 100 பிக் பிளைண்ட். பிளைண்ட் ஏறவே ஏறாது. டோர்னமென்டில் கடிகாரம் பார்த்து ஏற்றுவார்கள். 40,000 சிப் பெரிதாகத் தெரியும், ஆனால் பிக் பிளைண்ட் 4,000 என்றால் உங்களிடம் இருப்பது வெறும் 10. இரண்டு பிளைண்டும் ஆன்ட்டியும் (பிளைண்டுக்கு மேல் போடும் இன்னொரு கட்டாயத் தொகை) சேர்ந்து சுற்றுக்கு இரண்டரை போகும். நான்கு சுற்றில் காலி. அந்த நிலையில் சின்ன ஜோடியை வைத்துக்கொண்டு ஃப்ளாப்பை வேடிக்கை பார்க்கக் கூடாது. ஆல்-இன் அல்லது ஃபோல்டு, அவ்வளவுதான்.

படி 3: பப்பிள் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

பப்பிள் என்றால் இன்னும் ஒருவர் வெளியேறினால் மற்ற எல்லோருக்கும் பரிசு என்ற கட்டம். எனக்கு உறைக்க வெகுநாள் ஆன விஷயம் இது. நான்கு பேர், ஆளுக்குச் சமமான சிப். மூவருக்கு மட்டும் பரிசு: 50, 30, 20 ரூபாய். இப்போது உங்கள் பங்கின் மதிப்பு 25 ரூபாய்.

உங்களைப் போலவே சிப் வைத்திருக்கும் ஒருவர் ஆல்-இன் போடுகிறார். கால் செய்து, அதாவது அவர் பந்தயத்தை ஏற்று, ஜெயித்தால் மொத்தச் சிப்பில் பாதி உங்களுடையது. முதலிடத்துக்கு 1/2, இரண்டாமிடத்துக்கு 1/3, மூன்றாமிடத்துக்கு 1/6 வாய்ப்பு. 25 + 10 + 3.33, ஆக சுமார் 38 ரூபாய். சிப் இரட்டித்தது, மதிப்பு இரட்டிக்கவில்லை! தோற்றாலோ ஒன்றுமில்லை.

25ஐ 38.33ஆல் வகுத்தால் 65 சதவீதம். அதற்கு மேல் ஜெயிக்கும் வாய்ப்பு இருந்தால்தான் கால். உங்களிடம் பத்து ஜோடி, எதிராளி ஏஸ்-கிங்கைக் காட்டியே விட்டார் என்றாலும் உங்கள் வாய்ப்பு சுமார் 55தான். கேஷ் மேசையில் யோசிக்காமல் கால் செய்வேன், இங்கே ஃபோல்டு. இதே கணக்கு மற்றவர்களையும் கட்டிப்போடுகிறது. அதனால் முதலில் ஆல்-இன் போடுகிறவருக்குத்தான் லாபம், பின்னால் கால் செய்கிறவருக்கு அல்ல.

படி 4: கேஷ் மேசைக்குத் திரும்பும்போது பயத்தைக் கழற்றி வையுங்கள்

55 சதவீதத்தை விடாதீர்கள். அதற்காக ஒற்றை டாப் பேரை (மேசையில் உள்ள பெரிய சீட்டோடு சேரும் ஜோடியை) நம்பி 100 பிக் பிளைண்டையும் உள்ளே தள்ளாதீர்கள். 15 பிக் பிளைண்டோடு இருக்கும்போது அது போதும், 100இல் போதாது.

படி 5: வீட்டில் பழகுங்கள்

இந்தியாவில் ஆன்லைனில் பணம் வைத்து ஆடுவதை 2025ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துவிட்டது. புளியங்கொட்டை போதும். நான்கு பேர், ஆளுக்கு 25 கொட்டை, 50-30-20 பரிசு. ஒவ்வொரு ஆல்-இன்னுக்கும் வாய்ப்பைக் கணித்துவிட்டு, பிறகு கொட்டையைத் தள்ளுங்கள்.