சோலார் போட்டால் அரசாங்கம் காசு தருமா? திருகோணமலை வீட்டுக்காரருக்கு ஒரு கணக்கு

"78,000 ரூபாய் மானியமாமே, எந்தக் கந்தோரில போம் எடுக்கிறது?" என்று உப்புவெளியில் ஒரு அண்ணை கேட்டார். அவர் பார்த்தது தமிழ்நாட்டு யூடியூப் வீடியோ. அந்தக் காசு இந்திய அரசு 2024இல் தொடங்கிய திட்டத்தில், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் போடும் அங்குள்ள வீடுகளுக்குக் கிடைப்பது. இங்கே அப்படிக் கையில் எண்ணித் தருவதில்லை. நமக்குள்ள சலுகை மின்சார சபை ஒப்பந்தத்திலும் வருமான வரியிலும் ஒளிந்திருக்கிறது. தேடி எடுக்க வேண்டும்.

படி 1: 12 மாத கரண்ட் பில்லை எடுங்கள்

ஒரு மாத பில்லை நம்ப வேண்டாம். கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் ஏசி நிற்காது, மாரியில் ஃபேன்கூடத் தேவையில்லை. 12 மாத அலகுகளையும் கூட்டிப் பன்னிரண்டால் பிரியுங்கள். ஒரு கிலோவாட் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 அலகு தரும், மாதத்துக்கு 120. மாதம் 360 அலகு எரிக்கும் வீட்டுக்கு 3 கிலோவாட் போதும்.

படி 2: பெயர்களை ஒழுங்குபடுத்துங்கள்

நம் பக்கத்தில் பாதிச் சிக்கல் இங்கேதான். வீடு மனைவிக்குச் சீதனமாக வந்தது, மீட்டர் காலஞ்சென்ற மாமாவின் பெயரில், வரி கட்டுபவர் கணவர். எங்கள் வீட்டு மீட்டரும் அப்பாவின் பெயரில்தான் கிடந்தது. அதை மாற்றி முடிக்கும்வரை மற்ற எல்லாம் காத்திருந்தன. மின் கணக்கு, பற்றுச்சீட்டு, வங்கிக் கடன் எல்லாம் வரி கட்டுபவரின் பெயரில் இருந்தால் படி 4 இலகு. வீட்டு உறுதி வேறொருவர் பெயரில் என்றால், காசு கட்டுமுன் இறைவரித் திணைக்களத்தில் கேட்டுவிடுங்கள்.

படி 3: திட்டத்தைத் தெரிவு செய்யுங்கள்

மின்சார சபையோடு செய்யும் ஒப்பந்தத்தில் நெட் மீட்டரிங் என்றால், நீங்கள் பாவித்தது போக மிச்ச அலகு அடுத்த மாதத்துக்குப் போகும், காசு வராது. நெட் அக்கவுண்டிங்கில் மிச்சத்துக்குக் காசு வரும். நெட் பிளஸ் என்றால் உற்பத்தி முழுவதையும் விற்றுவிட்டு, பாவித்ததற்கு வேறாகப் பில் கட்டுவது. சாதாரண வீட்டுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

மின்சார சபை அடுத்த வீட்டுக்காரருக்கு அலகுக்குத் தரும் விலையை உங்கள் விலையாக எண்ணிவிடாதீர்கள். 2016இல் 'சூரிய பல சங்கிராமய' என்ற அரசின் கூரைச் சோலார் திட்டம் தொடங்கியபோது முதல் 7 வருடம் அலகுக்கு 22 ரூபாய், பிந்திய 13 வருடம் 15.50. 2022இல் 37 ரூபாய்க்கு ஏற்றினார்கள், பிறகு இறக்கினார்கள். ஒப்பந்தம் 20 வருடத்துக்கு. ஆகவே நீங்கள் கையெழுத்து வைக்கும் நாளில் என்ன விலை என்று மின்சார சபையிலேயே கேளுங்கள். விற்க வருபவர் காட்டும் 'நாலு வருடத்தில் போட்ட காசு திரும்பும்' கணக்குப் பழைய விலையிலும் இருக்கலாம்.

படி 4: வரிச் சலுகை

பலர் தவறவிடுவது இதைத்தான். தேசிய மின்கட்டமைப்போடு இணைத்த சோலாருக்குச் செலவழித்த காசையோ, அதற்காக எடுத்த வங்கிக் கடனுக்குக் கட்டும் காசையோ, வருடத்துக்கு 6 இலட்சம் ரூபாய் வரை உங்கள் வரி வருமானத்திலிருந்து கழிக்கலாம்.

2025 ஏப்ரலிலிருந்து வருடம் 18 இலட்சம் வரை வரி இல்லை. மாதம் 2 இலட்சம் சம்பளக்காரருக்கு மீதி 6 இலட்சத்துக்கு 6 வீதம், 36,000 ரூபாய் வரி. 6 இலட்சமும் கழிந்தால் அது பூச்சியம். மாதம் 4 இலட்சம் எடுப்பவருக்கு வரியில் மிச்சமாவது 2,10,000 ரூபாய்! மாதம் ஒன்றரை இலட்சமோ அதற்குக் குறைவோ எடுப்பவருக்கு இதில் எதுவும் இல்லை. பெரிய சம்பளக்காரருக்கே பெரிய சலுகை, அது எனக்கும் உறுத்துகிறதுதான்.

படி 5: கொட்டேஷன்

ஒரே கிலோவாட்டுக்கு மூன்று இடத்தில் வாங்குங்கள். 18 வீத வற் வரி சேர்த்ததா, மீட்டர் மாற்றும் கட்டணம் உள்ளடங்கியதா என்று எழுத்தில் கேளுங்கள். நிலாவெளி, திருக்கடலூர்ப் பக்கம் கடற்கரையோரம் என்றால் தாங்கிச் சட்டம் அலுமினியமா என்றும் பாருங்கள். உப்புக்காற்றுக்குச் சாதாரண இரும்பு நிற்காது. நிறுவனம் நிலைபேறான சக்தி அதிகார சபையில் பதிந்ததா என்பதையும் விசாரியுங்கள்.

கடன் எடுப்பதென்றால் மாதத் தவணையை, குறையும் பில்லோடும் வரவுள்ள காசோடும் ஒப்பிடுங்கள். மாரி மாதங்களில் உற்பத்தி குறையும், தவணை குறையாது.

படி 6: வருமான வரி விபரத்திரட்டு

ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும் வரி வருடத்துக்கான விபரத்திரட்டை நவம்பர் 30க்குள் சமர்ப்பிக்க வேண்டும். பற்றுச்சீட்டு, கடன் கூற்று, மின்சார சபை ஒப்பந்தப் பிரதி எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு, கூரை ஒழுகாத அலுமாரியில் வையுங்கள்.